புகை குடித்த மரம்

ஆசாரித் தாத்தாவின் கொட்டகையில் எனக்கு ஒரு வேலை இருந்தது. மரத்தைப் பிடித்துக்கொள்வது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அம்மா மூடி வைத்திருக்கும் சோற்றை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு, லயத்துக் கடைசி வீட்டைத் தாண்டி ஓடுவேன். பால் ஸ்டோருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் தகரம் வேய்ந்த பட்டறை. மூன்று பக்கம் பலகைத் தடுப்பு, முன்பக்கம் திறப்பு. உள்ளே தரையில் கோணிச்சாக்கு விரித்து அவர் உட்கார்ந்திருப்பார். "வந்துட்டியா, புடி" என்பார். உட்கார்ந்து பிடிப்பேன்.

ஜொகூரில் ரெங்கத்துக்கு உட்பக்கம், ரயில் பாதையைவிட்டு ஐந்தாறு மைல் தள்ளி எங்கள் தோட்டம். நான் சொல்வது 1976. எனக்குப் பத்து வயது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள். ஆசாரித் தாத்தா எங்களுக்கு உறவில்லை. தோட்டத்துக்கே அவர் தாத்தாதான். லயத்துக் கதவு, ஜன்னல், பால் சுமக்கும் காண்டா வாளியைத் தூக்கும் கம்பு, தமிழ்ப் பள்ளியின் நீள மேசைகள், மாரியம்மன் கோயில் பல்லக்கு, குழந்தைக்குத் தொட்டில்கட்டை, கடைசியில் சவப்பெட்டி வரை எல்லாம் அவர் கையால்தான். எங்கள் வீட்டில் நான் ஏறி விளையாடிய முக்காலியும் அவர் செய்ததே.

அவர் வேலை செய்தது முழுக்கத் தரையில். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. பலகையின் ஒரு முனையைச் சுவரோரம் பதித்த முளையில் முட்டக் கொடுப்பார். மறுமுனை மேல் இடது குதிகாலை வைத்து அழுத்துவார். சின்னக் கட்டையென்றால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் செருகிப் பிடித்துக்கொண்டு உளி இறக்குவார். கொட்டாப்புளி விழும்போது அந்தக் கால்விரல் துளியும் அசையாது. அவருடைய கால்விரல்கள் நம்முடையவைபோல ஒட்டிக்கொண்டு இருக்காது. விரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, கைவிரல்போலவே நிற்கும். இரண்டு காலும் போதாத இடத்தில் நான். நீளமான சட்டமென்றால் மறுகோடியில் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வேன். பெரிய இழைப்புளி ஓட்டும்போது அதன் முன்பக்கம் ஒரு குறுக்குக் கட்டையும் கயிறும் இருக்கும். அவர் தள்ள, நான் எதிரே உட்கார்ந்து இழுப்பேன். மரச்சுருள் என் மடியில் வந்து விழும். மெரந்தியின் இளஞ்சிவப்புச் சுருளுக்கு ஒரு மணம், கெம்பாஸின் செம்பழுப்புச் சுருளுக்கு இன்னொரு மணம். கண்ணை மூடிக்கொண்டு எது எந்த மரம் என்று சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம் தாத்தாவின் முழங்கால் விட்டுப்போனது. நாற்பது வருஷம் குந்தியும் சம்மணமிட்டும் வேலை பார்த்த கால். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே கீழ குந்தாதீங்க ஆசாரி" என்றார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த இரண்டு வாரம் கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் கேட்கவில்லை. நான் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். கோணிச்சாக்கு சுருட்டி ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கூட்டிக்கொண்டு குளுவாங்கு போனார். "புள்ளைய அனுப்பு, ஒரு வேலை இருக்கு" என்று அப்பாவிடம் கேட்டது மட்டும் தெரியும். ரெங்கத்தில் ரயிலேறினோம். குளுவாங்கில் இறங்கி, கடைத்தெருவில் ஒரு சீனத் தச்சரின் கடை முன்னால் போய் நின்றார். நின்றார் என்றால் வெகுநேரம் நின்றார். உள்ளே அந்தச் சீனர் நீளமான ஒடுங்கிய பெஞ்சின் முன் நின்றுகொண்டு இழைத்துக்கொண்டிருந்தார். நான்கு கால்களும் வெளிப்பக்கம் சாய்ந்து அகன்றிருந்தன. பெஞ்சின் ஒரு முனையில் சின்ன முளையொன்று. பலகை அதில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவருடைய இழைப்புளியில் இரண்டு பக்கமும் கொம்புபோலக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு மட்டும் முன்னால் போய்ப் போய் வந்தது. எதிரில் உட்கார்ந்து கயிறு இழுக்க யாரும் இல்லை.

தாத்தாவுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாகக் கடைத்தெரு மலாய் இருந்தது. "திங்கி பெராப்பா?" என்று தாத்தா பெஞ்சைக் காட்டி உயரம் கேட்டார். சீனர் அளவு சொல்லவில்லை. கையைத் தொடையோடு தொங்கவிட்டு, மணிக்கட்டை மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி விரித்தார். கை அப்படியே பெஞ்சின் மேல் படிந்தது. பிறகு தாத்தாவைப் பெஞ்சருகே நிறுத்தி, அவர் கையையும் தொங்கவிடச் சொல்லிப் பார்த்தார். தாத்தா குள்ளம். கை பெஞ்சுக்கு ஒன்றிரண்டு அங்குலம் கீழே நின்றது. சீனர் சிரித்துக்கொண்டே கீழே விரலைக் காட்டினார். உனக்கு உன் உயரத்துக்குச் செய்துகொள் என்று எனக்கே புரிந்தது. அன்று அந்தக் கடையில் அரைமணி நேரம் இரண்டு தச்சர்களும் ஒருவர் உளியை ஒருவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் விளிம்பைத் தடவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள்.

திரும்புகிற ரயிலுக்கு நேரமிருந்ததால் ஸ்டேஷன் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். 1938 முதல் அங்கே இருந்த கடை அது. சுட்ட ரொட்டியில் காயா தடவிக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, தாத்தா சாஸரில் வழிந்த காப்பியில் விரலைத் தொட்டு மேசை மேல் கோடு போட்டார். நான்கு கால். குறுக்கே சட்டம். மேலே ஒரு கனத்த பட்டை. காய்ந்து மறையமறைய மறுபடி மறுபடி வரைந்தார். சீனருடைய பெஞ்சில் கால்கள் சாய்ந்திருந்தன, இவர் வரைந்ததில் சாயவில்லை. "அவரு பெஞ்சுக்கு எடை இல்ல, அதனால காலைச் சாய்ச்சிருக்காரு. நம்ம எடையாலயே நிறுத்திப்போம்" என்றார். எடைக்கு எங்கே போவது என்று அப்போதே மனதில் வைத்திருந்திருக்கிறார்.

தோட்டத்தில் பழைய ஸ்மோக்கவுஸ் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உறையவைத்த பாலைத் தகடாக உருட்டி, கம்புகளில் தொங்கவிட்டு, நாலைந்து நாள் விறகுப் புகையில் காயவைக்கும் கட்டடம். 1965ல் தரம் பிரித்துக் கட்டியாக விற்கும் முறை வந்தபின் தகட்டு ரப்பரின் மவுசு மெல்லக் குறைந்தது. எங்கள் தோட்டம் பாலை அப்படியே லாரியில் அனுப்பத் தொடங்கியிருந்தது. மேட்டுக்காட்டில் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்மோக்கவுஸ் வெறுமனே நின்றது. அதன் உத்திரங்களும் தூண்களும் செங்கல் மரம். மண்ணைச் சுட்டுச் செய்யும் செங்கல் இல்லை. மலாய்க்காரர்கள் செங்கால் என்பார்கள், நம் வாயில் அது செங்கலாகிவிட்டது. மலாயாத் தீபகற்பக் காட்டுக்கே உரிய மரம். திரங்கானுவில் பெரிய படகுகளை மரமுளை அடித்துக் கட்டுவது இந்த மரத்தில்தான். கரையான் அண்டாது. ஒரு கன மீட்டர் 900 கிலோவைத் தாண்டும்.

தாத்தா தோட்ட ஆபீஸ் கிராணி ஐயாவிடம் போய் நின்று, கூலி எதுவும் வேண்டாம், ரெண்டு உத்திரமும் நாலு தூணும் குடுங்க என்று கேட்டார். "விறகுக்குத்தான் போவுது. எடுத்துக்குங்க ஆசாரி" என்றார் கிராணி. மாட்டு வண்டியில் ஏற்றி வந்து இறக்கியபோது நான்கு ஆண்கள் மூச்சு வாங்கினார்கள். எல்லாம் தார் பூசியதுபோலக் கறுப்பு. ஒவ்வொரு உத்திரத்தையும் தாத்தா உளிப்பிடியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். மணி அடித்ததுபோல் ஒலித்தது. "முப்பது வருஷம் புகை குடிச்ச மரம். இதுக்கு மேல காய ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த வார்த்தையின் கனம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஜொகூரில் காற்று எப்போதும் ஈரம். அடிக்கடி சாயங்காலம் மழை, வருஷக் கடைசியில் அடைமழை. நான்கு அங்குலத் தடிமனுள்ள செங்கல் பலகையைத் தானாகக் காயவிட்டால் வருஷக்கணக்கில் ஆகும். பச்சையாக வைத்து மேசை செய்தால் காயக்காய முறுக்கும், வெடிக்கும், துளையில் செருகிய கழுந்து தளரும். ஸ்மோக்கவுஸ் உள்ளே சூடு 50, 60 பாகை இருக்கும். அந்தச் சூட்டில் முப்பது வருஷம் வெந்த உத்திரம் இனி எந்தப் பக்கமும் திரும்பாது. நல்ல மரவேலைக்குக் காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் எதுவென்று கேட்டால் காலம் என்பேன். அதைத்தான் அன்று விறகுக் குவியலிலிருந்து தாத்தா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு விபத்து. கறுப்பைச் சீவி எடுக்கும்போது உத்திரத்துக்குள் புதைந்திருந்த ஆணியில் இழைப்புளியின் தகடு போய் மோதியது. விளிம்பில் பல் உடைந்ததுபோல ஒரு பிளவு. தாத்தா கோபப்படவில்லை. தகட்டைக் கழற்றிக்கொண்டுபோய் சாணைக்கல்லில் ஒரு மணி நேரம் தேய்த்தார், நான் தண்ணீர் விட்டேன். அப்புறம் என்னை அழைத்து, இரண்டு உத்திரத்தையும் விரலால் தடவி ஆணி தேடச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பதினேழு ஆணி எடுத்தேன். ஒவ்வொன்றையும் அவர் சிரட்டையில் போட்டு வைத்தார்.

கறுப்பின் கீழே தேன்நிற மரம் வந்தது. ஏழடி நீளம், பத்து அங்குல அகலம், நாலு அங்குலத் தடிமன், இரண்டு உத்திரம். அருகருகே வைத்து, நடுவே ஓரங்குலச் சந்து விட்டார். ஒட்டவில்லை. ஏன் தாத்தா என்றதற்கு, "ஒட்டுனா ஒண்ணு இழுத்தா இன்னொண்ணு வெடிக்கும். தனித்தனியா இருந்தா ரெண்டும் நிம்மதியா இருக்கும்" என்றார். தூண்களை ஐந்து அங்குலச் சதுரக் கால்களாக்கினார். உயரத்தைக் குளுவாங்கில் கற்ற முறையில், தன் கையைத் தொங்கவிட்டு, ஒரு குச்சியை நட்டு, உள்ளங்கை படிந்த இடத்தில் என்னைக் கோடு போடச் சொன்னார். 31 அங்குலம் வந்தது.

ஒவ்வொரு காலின் தலையிலும் கழுந்து எடுத்து, உத்திரத்தில் மேல்வரை துளைபோட்டு, ஆப்பு இறக்கினார். காலின் வெளிமுகம் உத்திரத்தின் முன்விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்படியிருந்தால்தான் நீளப் பலகையை நிமிர்த்தி, காலோடு காலாகச் சேர்த்துக் கட்டி, விளிம்பை இழைக்கலாம். கீழே, தரைக்கு நாலு அங்குலம் மேலே, நான்கு பக்கமும் குறுக்குச் சட்டம். அதைப் பூட்டிய விதம்தான் நான் இன்றும் வியப்பது. முதலில் காலில் முளைக்குத் துளை போட்டார். சட்டத்தின் கழுந்தை உள்ளே செருகி, துளை வழியே அடையாளம் வைத்து, வெளியே எடுத்தார். கழுந்தில் துளை போடும்போது அடையாளத்திலிருந்து அரை நெல் சட்டத்தின் உடல்பக்கமாகத் தள்ளிப் போட்டார். எட்டு நெல் ஒரு விரல், இருபத்து நான்கு விரல் ஒரு முழம் என்பது ஆசாரிகள் கணக்கு. மூங்கில்போல நுனி சீவிய செங்கல் முளையை அடித்து இறக்கியதும், இரண்டு துளையும் நேராக வர முயன்று, கழுந்தைக் காலுக்குள் இழுத்துக்கொண்டது. கண் முன்னால் இடைவெளி மூடியது. வஜ்ஜிரமில்லை, ஆணியில்லை. ஆணி ஆட்டத்துக்கு ஆட்டம் தளரும், இது ஆட ஆட இறுகும் என்றார். ஆறு சாயங்காலம், இருபது முளை.

மேல்முகத்தைச் சமன்படுத்த மூன்று நாள் ஆனது. நேரான இரண்டு சட்டங்களை முனைக்கொன்றாகக் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். முன்சட்டத்தின் விளிம்பும் பின்சட்டத்தின் விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் அந்த மூலை மேடு. "எந்த மூலை?" என்பார். நான் சொல்வேன். அவர் அங்கே போய்க் குறுக்குவாட்டில் இழைப்பார். மறுபடி குனிந்து பார்ப்பேன். என் கண்ணை ஒரு பெரிய மனிதர் நம்பி வேலை செய்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் எண்ணெய் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வழுக்கும், மரத்தை மரம் பிடிக்கணும் என்றுவிட்டார்.

தோட்டத்துக் கொல்லர் ஒரு முக்கால் அங்குல இரும்புக் கம்பியைக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார். கைத்தடியைக் கவிழ்த்ததுபோலிருக்கும். நான் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்தேன், கழுத்து அப்படி வளைந்திருந்ததால். மேசையில் அங்கங்கே துளை. கொக்கின் காலைத் துளையில் விட்டு, அலகைப் பலகை மேல் வைத்து, தலையில் ஓர் அடி. துளையில் கால் கொஞ்சம் சாய்ந்து நெருக்கிக்கொள்ளும், பலகை அசையாது. பின்பக்கம் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். இடதுமுனையில் ஒரு சதுரத் துளையில் செங்கல் முளை. கீழிருந்து தட்டினால் உயரும், மேலிருந்து தட்டினால் மறையும். இழைக்கும்போது பலகை அதில் முட்டி நிற்கும்.

முடிந்த அன்று அப்பாவும் இன்னும் மூன்று பேரும் வந்து, தாத்தா சொன்னபடி மேசையின் முனையில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். அசைக்க உயிர் போனது. ஆண்டுகள் கழித்துக் கணக்குப் போட்டேன், 160 கிலோ வரும். தாத்தா ஒரு மெரந்திப் பலகையை முளையில் முட்டக் கொடுத்து நின்றபடி இழைத்தார். உளியால் ஒரு துளை இறக்கினார். தரையில் வேலை செய்யும்போது அடியில் கொஞ்சம் மண்ணுக்குள் போய்விடும், லேசான மேசையென்றால் அதன் ஆட்டத்துக்கே போய்விடும். இதில் கொட்டாப்புளியின் அடி முழுசும் உளி நுனிக்கே போனது, சத்தமே வேறு. கூடியிருந்தவர்கள் ஒன்றும் பேசவில்லை.

நான் கொட்டகையின் ஓரத்தில் நின்றேன். பலகையைக் கொக்கு பிடித்துக்கொண்டிருந்தது. முளை தாங்கிக்கொண்டிருந்தது. பெரிய இழைப்புளியில் நான் இழுத்த கயிற்றைத் தாத்தா ஆணியில் மாட்டிவிட்டார். எனக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

மூன்றாம் நாள் லயத்து வாசலில் தாத்தாவே வந்து நின்றார். கோல் ஊன்றி, காலை இழுத்து. "ஏன் வரல?" என்றார். "நீங்கதான் புடிக்க ஆள் வேணாம்னு..." என்று இழுத்தேன். அவர் பதில் சொல்லாமல் திரும்பி நடந்தார். பின்னாலேயே போனேன். மேசை முன்னால், தூணில் மிஞ்சிய துண்டுகளைக் கால்களாக வைத்து, ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு படிக்கட்டை செய்து போட்டிருந்தார். அதன் விளிம்புகளைக்கூட மழுக்கி இழைத்திருந்தார். "ஏறு" என்றார். ஏறினேன். கையைத் தொங்கவிடச் சொன்னார். உள்ளங்கை மேசையில் படிந்தது. சின்ன இழைப்புளியை என் கையில் கொடுத்து, என் முழங்கையைப் பின்னாலிருந்து தொட்டு, "கையால தள்ளாத, இடுப்பால தள்ளு" என்றார். முதல் தடவை தகடு சிக்கி நின்றது. நாலாவதோ ஐந்தாவதோ தடவை ஒரு சுருள் எழும்பி வந்தது, என் மடியில் விழாமல், என் கைக்கு மேலே.

பிரெஞ்சுத் தச்சர் ரூபோ 1769 முதல் எழுதி வெளியிட்ட மரவேலை நூலின் படங்களைப் பெரியவனான பிறகு பார்த்தேன். கனத்த பலகை, நேரான கால்கள், முன்விளிம்போடு ஒரே மட்டம், கவிழ்த்த கைத்தடிபோல இரும்புக் கொக்கு. எங்கள் கொட்டகையைப் பார்த்துவிட்டு வரைந்ததுபோல் இருந்தது. ரூபோவும் தச்சர் வீட்டுப் பிள்ளைதான். பாரிஸில் ஒருவரும் ரெங்கம் தோட்டத்தில் ஒருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு அதிசயமாகப் படவில்லை. மரத்தைக் கையால் வேலை செய்கிறவனுக்கு எங்கே இருந்தாலும் தேவை ஒன்றுதான்.

நாங்கள் அன்று சாய்த்து விறகாக எரித்த பால்மரத்துக்கும் பிறகு மதிப்பு வந்தது. அறுத்த சூட்டோடு போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சி அரிக்காது, நீலக்கறை படியாது என்று கண்டதும், 1980களிலிருந்து அது மேசையும் நாற்காலியுமாகக் கப்பலேறத் தொடங்கியது. ஜொகூரின் மூவார் இன்று அந்தத் தொழிலில்தான் வாழ்கிறது. அங்கே ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். எந்திரங்கள் ஓடும் கூடத்தில் ஒரு மூலையில் கைவேலைக்கென்று நானே ஒரு பெஞ்சு செய்துகொண்டேன். உயரம் 33 அங்குலம். நான் தாத்தாவைவிட உயரம்.

தாத்தா 1983ல் போய்ச் சேர்ந்தார். அவருக்கான பெட்டியை அந்த மேசை மேல்தான் செய்தேன், பதினேழு வயதில். ஏறி நிற்க அந்தக் கட்டை தேவைப்படவில்லை. பிறகு தோட்டம் முழுக்கச் செம்பனையானது, லயங்கள் காலியாயின, நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குப் போனோம். கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழாவுக்கு வருஷா வருஷம் போவோம். மேசையை நகர்த்த ஆள் சேர்த்து, கோயில் அன்னதானக் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். சாம்பாருக்குக் காய் நறுக்குவது அதன் மேல்தான். சந்தில் கத்திகளைச் செருகி வைக்கிறார்கள். போன வருஷம் போனபோது இரண்டு பெண்கள் பெரிய பூசணிக்காய்களைப் பிளந்துகொண்டிருந்தார்கள். காய் உருளாமலிருக்க, இடதுமுனையில் அந்தச் செங்கல் முளையைக் கீழிருந்து தட்டி மேலே உயர்த்தி வைத்திருந்தார்கள்.